இழுப்பு நோயும் பிறவிக் குற்றமும்

"அப்பனுக்கு இழுப்பு, மகனுக்கும் இழுப்பு. பரம்பரை நோய், யார் என்ன செய்ய முடியும்?" என்று சொல்லிக் கையை விரிப்பவர்களை எல்லா ஊர்களிலும் காண்கிறோம். பெண் கொள்ளப் போகும் வீட்டில் யாருக்கேனும் ஈளை உண்டா என்று இரகசியமாக விசாரிப்பவர்களும் உண்டு. இரவெல்லாம் மூச்சுக்குத் தவிக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, தலையெழுத்து என்று விடியும்வரை காத்திருக்கும் தாய்மாரும் உண்டு. ஆஸ்துமா என்று இன்று யாவரும் வழங்கும் இந்நோய் இரத்தத்தில் வருவதா? அன்றிக் காற்றிலும் புகையிலும் வருவதா? இரத்தத்தில் வருவதென்றால் எவ்வளவு?

இது வைத்தியர்கள் மட்டும் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமன்று. ஒரு நோய் பிறவியிலேயே வருவது என்று தீர்ப்பாகிவிட்டால் அதற்குப் பொறுப்பாளி இல்லாமற் போய்விடுகிறது. புகை கக்கும் ஆலைக்காரன் தப்புகிறான். குப்பையைத் தெருவில் கொளுத்தும் நகரசபை தப்புகிறது. ஆஸ்பத்திரியில் மருந்து வைக்காத சர்க்காரும் தப்புகிறது. நோயாளியின் பாட்டன் ஒருவன் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். செத்துப்போன அவன் பதில் சொல்ல வரமாட்டான். ஆகையால் பொதுக் காரியங்களில் ஈடுபட்டவர்கள் இவ்விஷயத்தில் விஞ்ஞானம் உண்மையில் என்ன சொல்லுகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டியது அவசியம்.

அதை அறிய முதலில் ஒரு தீவுக்குப் போகவேண்டும். தென் அட்லாண்டிக் மகா சமுத்திரத்தில், ஆப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்திலிருந்து சுமார் 2,800 கிலோமீட்டர் மேற்கே, டிரிஸ்டான் ட குன்ஹா என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. உலகத்தில் மனிதர் வாழும் இடங்களில் இதைவிட ஒதுக்கமான இடம் இல்லை. ஆகாய விமான நிலையம் கிடையாது. கப்பலில்தான் போகவேண்டும், ஒரு வாரம் ஆகும். ஜனத்தொகை இன்றும் இருநூற்றைம்பதுக்கு உட்பட்டதே.

இந்தத் தீவில் குடியேற்றம் உண்டான கதை விசித்திரமானது. 1815ஆம் வருஷம் தோல்வியுற்ற நெப்போலியனை ஆங்கிலேயர் ஸெயின்ட் ஹெலினா தீவில் சிறைவைத்தனர். அவனை மீட்பதற்குப் பிரெஞ்சுக்காரர் டிரிஸ்டானைத் தளமாகக் கொள்ளக்கூடும் என்று அஞ்சி, 1816இல் அங்கே ஒரு சிறு படையை இறக்கினர். இரண்டு தீவுகளுக்கும் நடுவே 2,400 கிலோமீட்டர் கடல் கிடக்கிறது! சாம்ராஜ்யங்களுக்கு வரும் பயத்துக்கு அளவு ஏது? அடுத்த வருஷமே படை திருப்பி அழைக்கப்பட்டது. ஸ்காட்லாந்து தேசத்தவனான வில்லியம் கிளாஸ் என்ற சிப்பாய் மட்டும் தன் மனைவி மக்களுடனும் வேறு இரு துணைவர்களுடனும் அங்கேயே தங்கிவிட்டான். பிறகு சில கப்பலோட்டிகள் வந்து சேர்ந்தனர். இவர்களுக்குப் பெண்டிர் இல்லை. 1827இல் ஒரு கப்பற் தலைவன் ஸெயின்ட் ஹெலினாவிலிருந்து ஐந்து பெண்களை அழைத்துவந்து இறக்கினான். 1836இல் கப்பல் உடைந்து ஒரு டச்சுக்காரன் ஒதுங்கினான். 1892இல் மற்றொரு கப்பல் உடைந்து இரண்டு இத்தாலியர் ஒதுங்கினர். இடையே அமெரிக்கத் திமிங்கில வேட்டைக்காரர் இருவர். இவ்வளவுதான். நெடுங்காலம் அந்தத் தீவில் ஏழே குலப்பெயர்கள் வழங்கிவந்தன. இன்றுள்ள தீவினரின் மூதாதையரைக் கணக்கிட்டால் சுமார் பதினைந்து பேருக்குள் அடங்கிவிடுகின்றனர்.

1961ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் எரிமலை வெடித்தது. தீவினர் அனைவரையும் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ஸௌதாம்ப்டன் அருகே பழைய விமானப்படை வீடுகளில் குடியமர்த்தினார்கள். அங்கே அவர்களைப் பரிசோதித்த வைத்தியர்கள் ஒரு விஷயத்தைக் கண்டு திகைத்தனர். ஆஸ்துமா அந்த ஜனங்களிடம் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. ஆலைப் புகை என்பதையே அறியாத, கடற்காற்று ஓயாமல் வீசும் தீவிலிருந்து வந்தவர்களுக்கு இந்த நோய் ஏன்? வமிசாவளியைத் தேடிப் பார்த்தபோது, முதலிற் குடியேறியவர்களில் குறைந்தது மூவருக்கு இந்நோய் இருந்திருக்கவேண்டும் என்று தெரிந்தது. பெரிய நாட்டில் மூவர் கொண்டுவந்த வித்து கோடி ஜனங்களில் கரைந்து போகும். பதினைந்து பேரில் மூவர் கொண்டுவந்தது கரைய இடமில்லை. உறவுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு வந்த தலைமுறைகளில் அது வீட்டுக்கு வீடு பரவியது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். இங்கிலாந்தின் மின்சார விளக்கும் சம்பளமும் இந்த ஜனங்களைக் கட்டிவைக்கவில்லை. 1962 டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஊர் திரும்புவோம் என்று 148 பேர்; இங்கேயே இருப்போம் என்று ஐந்தே பேர். அடுத்த வருஷம் திரும்பிவிட்டார்கள்.

1993இல் கனடா தேசத்து டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த நோ ஸமெல் என்ற வைத்தியர் தமது குழுவினருடன் தீவுக்குச் சென்றார். ஏறத்தாழ தீவினர் அனைவரையும் பரிசோதித்து இரத்தம் எடுத்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஆஸ்துமாவின் அடையாளம் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. இந்த இரத்தம் ஆராய்ச்சிச் சாலையோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் ஜீன் வேட்டைக்கென்றே ஏற்பட்ட ஸெக்வானா என்ற கம்பெனி ஆராய்ச்சியில் கூட்டாளியாயிற்று. அதனுடன் போரிங்கர் இங்கல்ஹைம் என்ற ஜெர்மன் மருந்துக் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. 1997இல் "ஆஸ்துமா ஜீன் அகப்பட்டுவிட்டது" என்று பறைசாற்றினார்கள். நிலத்தைப் பட்டாப் போட்டுக்கொள்வது போல, கண்டுபிடித்ததற்குப் பேடண்டும் கோரினார்கள்.

ஊரார் இரத்தத்தில் உள்ளதை வேறொருவன் தன் சொத்தாகப் பதிவுசெய்துகொள்ளலாமா? இரத்தம் கொடுத்தவனுக்கு அதில் என்ன பங்கு? இக்கேள்விகளை அப்போதே சிலர் எழுப்பினர். தீவினர் தங்கள் நோய்க்கு வழி பிறக்கும் என்று மனமுவந்தே இரத்தம் கொடுத்தனர். அதில் தவறில்லை. ஆனால் இருநூற்றுச் சில்லறைப் பேர் ஒரு பக்கம், இரண்டு கண்டங்களின் மூலதனம் மறுபக்கம் என்று நிற்கும் பேரத்தில் சமத்துவம் எங்கே இருக்க முடியும்?

அந்த ஜீன் என்ன ஆயிற்று? ஆஸ்துமாவுக்கு மூலம் அந்த ஒன்றே என்ற பேச்சு நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதில்தான் இவ்விஷயத்தின் சாரமே அடங்கியிருக்கிறது.

ஜீன் என்று விஞ்ஞானிகளும் மரபணு என்று நம்மவரும் வழங்குவது யாது? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. ஒரு பாதியில் மட்டும் நான்கே எழுத்துக்களால் ஆன ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட சுவடி அடங்கியிருக்கிறது. உடலைக் கட்டுவதும் நடத்துவதும் இந்தச் சுவடியின்படி. எந்த இரண்டு மனிதரை எடுத்து ஒப்பிட்டாலும் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று வேறுபடும். அரசனுக்கும் ஆண்டிக்கும் உள்ள பேதம் அவ்வளவே! ஆனால் அந்தச் சிறு பேதங்களிற் சில, நோய் வரும் சாத்தியத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

ஒரே ஒரு எழுத்துப் பிழையால் உண்டாகும் நோய்கள் இருக்கின்றன. பிழை இருந்தால் நோய் உண்டு, இல்லையேல் இல்லை. ஆஸ்துமா அந்த ஜாதியைச் சேர்ந்ததன்று. 2007இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் குக்ஸன், மிரியம் மொஃபட் முதலியோர், குழந்தைப் பருவத்தில் ஆஸ்துமா கண்ட 994 பேரையும் நோயில்லாத 1,243 பேரையும் எடுத்துக்கொண்டு, சுவடியின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பதினேழாவது குரோமோசோமில் ஓரிடம் தனித்துத் தெரிந்தது. அதன்பின் எத்தனையோ தேசங்களில் எத்தனையோ பேர் தேடியும் அந்த இடம் பொய்க்கவில்லை. ஆனால் வேடிக்கை என்னவென்றால், நோயின் பக்கம் சாய்க்கும் அந்த எழுத்து ஐரோப்பியரில் ஏறத்தாழப் பாதிச் சுவடிகளில் காணப்படுகிறது. பாதி உலகத்திடம் உள்ளதைப் பிறவிக் குற்றம் என்று எப்படிச் சொல்வது? அந்த எழுத்தைச் சுமந்துகொண்டு ஆயுள் முழுவதும் ஒருநாளும் இரைக்காமல் வாழ்ந்து முடிப்பவர்களே மிகுதி.

2010இல் இன்னும் பெரிய ஆராய்ச்சி. 10,365 நோயாளிகள், நோயில்லாதவர் 16,110 பேர். சுவாசக் குழாயின் உட்தோல் அடிபடும்போது அபாயக் குரல் கொடுக்கும் சரக்குகளை உண்டாக்கும் ஜீன்கள் சில அதில் வெளிப்பட்டன. ஒவ்வொன்றும் செய்யும் தீங்கு அற்பம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தும், இன்ன குழந்தைக்கு நோய் வரும், இன்ன குழந்தைக்கு வராது என்று முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை என்று ஆராய்ச்சியாளர்களே ஒப்புக்கொண்டனர். இன்று ஜாதகம் பார்ப்பதுபோல் எச்சிலை வாங்கிக்கொண்டு வருங்கால நோய்களைச் சொல்கிறோம் என்று விளம்பரம் செய்யும் வியாபாரிகள் பெருகிவிட்டார்கள். ஆஸ்துமாவைப் பொறுத்தவரையில் அந்த வாக்கைக் கேட்பதும் ஒன்றுதான், ஜாதகக்காரனைக் கேட்பதும் ஒன்றுதான்.

இரட்டைக் குழந்தைகளை ஒப்பிட்டு டென்மார்க்கில் ஒரு கணக்கு எடுத்தார்கள். 1999இல் வெளியான அந்த ஆராய்ச்சியில் 11,688 ஜோடி இரட்டையர் அடங்குவர். ஆஸ்துமாவில் பாரம்பரியத்தின் பங்கு 73 சதவிகிதம் என்று முடிவு. இந்த எண்ணைக் காட்டித்தான் "முக்கால் பங்கு இரத்தம், போங்கள்!" என்று வாயடைப்பவர்கள் பேசுவார்கள். இந்த எண்ணின் அர்த்தம் அதுவன்று. டென்மார்க் சிறிய தேசம். வீடு, உணவு, பள்ளிக்கூடம், காற்று எல்லாம் பெரும்பாலும் ஒரே தரம். சுற்றுப்புறம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் இடத்தில், ஆளுக்கு ஆள் காணும் பேதம் பெரும்பாலும் இரத்தத்தினாலேயே இருக்கும். அங்கே ஒருவனுக்கு வந்து மற்றொருவனுக்கு வராததன் காரணத்தை அந்த எண் சொல்கிறது. ஒரு தேசத்தில் நோய் ஏன் பெருகிற்று என்பதை அது சொல்வதில்லை. மேற்கு நாடுகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஒரே தலைமுறைக்குள் ஆஸ்துமா மளமளவென்று பெருகியது. ஒரு தலைமுறைக்குள் ஜீன்கள் மாறிவிடவில்லை, வாழ்க்கைதான் மாறிற்று.

ஜீனும் சுற்றுப்புறமும் எப்படிக் கைகோத்துக்கொள்கின்றன என்பதற்கு மேலே சொன்ன பதினேழாவது குரோமோசோமே சாட்சி. 2008இல் பிரெஞ்சுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் ஒன்று கண்டார்கள். அந்த எழுத்தினால் வரும் ஆபத்து சிறு வயதிலேயே தொடங்கும் ஆஸ்துமாவுக்கு மட்டுமே பொருந்திற்று. அதிலும், வீட்டில் பெரியவர்கள் விடும் புகையிலைப் புகையில் வளர்ந்த குழந்தைகளிடம் அது அதிகமாகத் தென்பட்டது. பிறகு ஐரோப்பியக் கிராமங்களில் குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தவர்கள் 2016இல் வெளியிட்ட முடிவு இன்னும் ஆச்சரியமானது. அதே எழுத்தை உடைய குழந்தைகள் மாட்டுத்தொழுவத்தில் புழங்கினால், முதல் வருஷத்தில் அவர்களுக்கு வரும் இரைப்பு நன்றாகக் குறைகிறது. அந்த எழுத்து இல்லாத குழந்தைகளுக்குத் தொழுவத்தால் அவ்வளவு நன்மை கிடைக்கவில்லை. ஆக, எந்த ஜீனைக் கெட்டது என்று தள்ளினோமோ, அதே ஜீன் நல்ல சுற்றுப்புறத்தின் பலனையும் அதிகமாக வாங்கிக்கொள்கிறது. அது நோயைச் சுமந்து வருவதில்லை. வெளியில் உள்ளதற்குக் குழந்தையின் நெஞ்சைத் திறந்துவிடுகிறது. வெளியில் என்ன இருக்கிறது என்பது நம் பொறுப்பு.

அமெரிக்காவில் ஆமிஷ் என்றும் ஹட்டரைட் என்றும் இரண்டு கிறிஸ்தவ சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவிலிருந்து குடியேறியவை. இரத்தக் கலப்பில் மிக நெருங்கியவை. இரண்டும் கூட்டங்கூட்டமாகத் தங்களுக்குள்ளேயே மணம் செய்துகொண்டு, விவசாயம் செய்து, பெரிய குடும்பங்களாக வாழ்பவை. பேதம் ஒன்று. ஆமிஷ் மக்கள் டிராக்டர் முதலியவற்றை ஒதுக்கிவிட்டுக் குதிரையைக் கொண்டு உழுகிறார்கள். தொழுவம் வீட்டை ஒட்டியிருக்கிறது. குழந்தைகள் அதிலேயே விளையாடுகின்றன. ஹட்டரைட் மக்கள் பெரிய இயந்திரங்களை வைத்துப் பண்ணை நடத்துகிறார்கள். கால்நடை வீட்டுக்கு எட்ட இருக்கிறது. 2016இல் இரு சமூகத்திலும் பள்ளிப் பிராயத்துக் குழந்தைகளை முப்பது முப்பதாக எடுத்து ஆராய்ந்தார்கள். ஆமிஷ் குழந்தைகளிடம் ஆஸ்துமா நூற்றுக்கு ஐந்து. ஹட்டரைட் குழந்தைகளிடம் நூற்றுக்கு இருபத்தொன்று என்பது முந்தைய கணக்கு. இந்தக் குழந்தைகளின் வீட்டுத் தூசியை எடுத்துப் பார்த்ததில், கிருமிகளின் மேலுறைச் சரக்கு ஆமிஷ் வீட்டில் ஏறத்தாழ ஏழு மடங்கு மிகுந்திருந்தது. அந்தத் தூசியை எலிகளின் மூக்கில் இட்டுப் பார்த்தார்கள். ஆமிஷ் தூசி எலிகளை இரைப்பிலிருந்து காத்தது. ஹட்டரைட் தூசி காக்கவில்லை. இரத்தம் ஒன்று, வாழ்க்கை வேறு, நோய் நான்கு மடங்கு!

இதைப் படித்துவிட்டு, அழுக்கே ஆரோக்கியம் என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டாம். தொழுவத்துத் தூசி வேறு. லாரிப் புகையும், பஞ்சாலைத் துகளும், ஈர விறகு எரியும் அடுப்படியின் மூட்டமும் வேறு. பின்னவற்றால் யாருடைய நெஞ்சும் வலுப்பட்டதில்லை.

ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா நகரத்தில் 1981 முதல் 1987 வரை திடீர் திடீரென்று சில நாட்களில் ஆஸ்துமா நோயாளிகள் ஆஸ்பத்திரிகளில் வந்து குவிந்தனர், சிலர் மாண்டனர். ஊராரின் பரம்பரையில் அந்த நாட்களில் மட்டும் என்ன கோளாறு வந்துவிடும்? ஆராய்ந்தவர்கள் துறைமுகத்தைப் பார்த்தார்கள். சோயா மொச்சை ஏற்றிய கப்பல்கள் சரக்கிறக்கும் நாட்களும் நோய் வெடிக்கும் நாட்களும் ஒன்றாக இருந்தன. ஒரு தானியக் களஞ்சியத்தின் மேலே தூசு வடிகட்டி இல்லை. வடிகட்டி பொருத்தினார்கள், கொள்ளை நோய் நின்றது. ஊரில் சோயாத் தூசியைச் சுவாசித்தவர்கள் எல்லோரும் நோயில் விழவில்லை. உடல்வாகு இடங்கொடுத்தவர்களே விழுந்தனர். பரம்பரை அங்கும் இருந்தது. ஆனால் பரம்பரைக்கு வடிகட்டி போட முடியாது. களஞ்சியத்துக்குப் போட முடிந்தது.

பிறவி என்ற சொல் வலியவன் கையில் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கும் மூச்சின் சரித்திரத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஆஸ்துமா உண்டா என்று அறிய ஊதிப் பார்க்கச் செய்யும் கருவியாகிய ஸ்பைரோமீட்டர் 1840களில் லண்டனில் தோன்றியது. கடலைத் தாண்டியதும் அது அடிமை வியாபாரத்துக்கு ஊழியம் செய்யப் புகுந்தது. அமெரிக்காவின் தென்பகுதியில் ஸாமுவேல் கார்ட்ரைட் என்ற வைத்தியர் 1851இல், கறுப்பு மனிதரின் நுரையீரல் வெள்ளையருடையதைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆகையால் கட்டாய உழைப்பே அவர்கள் உடம்புக்கு நன்மை என்று எழுதினார். எஜமானனைவிட்டு ஓடிப்போக நினைப்பதை ஒரு வியாதி என்று பெயரிட்டு மருந்து சொன்னவரும் இதே மனிதர்தாம். அவர் போனார்; அவருடைய கணக்கு போகவில்லை. கறுப்பருக்கு இவ்வளவு, ஆசியருக்கு இவ்வளவு என்று கழித்துக் கணக்கிடும் வழக்கம் கருவிக்குள்ளேயே அமைந்து நூறு வருஷத்துக்கு மேல் நடந்தது. கழித்த பிறகு பார்த்தால், நுரையீரல் கெட்ட மனிதனும் "தன் இனத்துக்குச் சரியாகவே இருக்கிறான்" என்று தோன்றும். 1999இல் பால்டிமோர் நகரத்தில் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நெஞ்சு கெட்ட கறுப்புத் தொழிலாளர் நஷ்டஈடு கேட்ட வழக்கில், அவர்களுக்கு வெள்ளையரைவிடக் கடினமான அளவுகோல் வேண்டும் என்று ஒரு கம்பெனி இதே கணக்கை எடுத்துக்கொண்டு வந்தது. 2023இல்தான் அமெரிக்கன் தொராஸிக் சொஸைட்டி, இனத்தைப் பாராமல் யாவருக்கும் ஒரே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவித்தது. சிறு வயதுப் பட்டினியும் புகையும் குடிசை வாழ்க்கையும் நுரையீரலைக் குறுக்கியதைப் பிறவி என்று எழுதிவைத்தார்கள். அதை அழிக்க இவ்வளவு காலம்!

ஆகவே ஜீன் ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கு நேர்மாறாக, அதில் விடப்பட்ட ஜனங்களே நஷ்டமடைகிறார்கள் என்கிறோம். போர்ட்டோ ரிக்கோ தீவு 1898 முதல் அமெரிக்காவின் ஆளுகையில் இருக்கிறது. அமெரிக்கக் கணக்குகளில் ஆஸ்துமா மிக அதிகமாகக் காணப்படுவது அத்தீவினரிடம். குறைவாகக் காணப்படுவோரில் மெக்ஸிகோ வமிசத்தினர் அடங்குவர். ஸ்பானிஷ் பேசுகிறார்கள் என்பதால் இரு சாராரையும் ஒரே பட்டியலில் அடைத்து வைத்திருந்தார்கள்! மூச்சு முட்டும்போது உடனே உறிஞ்சும் ஸால்புட்டமால் மருந்து போர்ட்டோ ரிக்கோ குழந்தைகளுக்கு மற்றவர்களுக்குப் போல் வேலை செய்வதில்லை என்பதை ஸான் பிரான்ஸிஸ்கோவைச் சேர்ந்த எஸ்தபான் புர்ச்சார்ட் குழுவினர் வெளிப்படுத்தினர். 2018இல் சிறுபான்மைக் குழந்தைகள் 1,441 பேருடைய சுவடியை முழுவதும் படித்து, இந்த வேறுபாட்டோடு சம்பந்தப்பட்ட ஜீன் பேதங்களை வெளியிட்டனர். அவற்றுட் சில ஐரோப்பியரிடம் தேடினால் அகப்படாதவை. உலகமெங்கும் நடந்த இவ்வித ஜீன் ஆராய்ச்சிகளில் இரத்தம் கொடுத்தவர்களில் 81 சதவிகிதம் பேர் ஐரோப்பிய வமிசத்தவர் என்று 2016இல் கணக்கிட்டார்கள். மீதியுள்ள மனித குலத்துக்கு எந்த மருந்து எவ்வளவு பலிக்கும் என்பதை யார் பார்த்தது?

நம் தேசத்துக்கு வருவோம். டிரிஸ்டான் போன்ற தீவு நம்மிடம் இல்லை என்று நினைக்கவேண்டாம். ஜாதி என்னும் கடல் சூழ்ந்த தீவுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஹைதராபாத் ஆராய்ச்சி நிலையத்தின் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டைச் சேர்ந்த டேவிட் ரைக்கும் கூட்டாளிகளுடன் தெற்காசியாவின் 260க்கும் மேற்பட்ட சமூகங்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். அவற்றில் 81 சமூகங்களில், சிலரிலிருந்து பலராகப் பெருகிய அடையாளம், இவ்விஷயத்தில் பேர்பெற்ற பின்லாந்து மக்களிடம் உள்ளதைவிட அழுத்தமாக இருந்தது. அவற்றிற் பதினான்கு, பத்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனத்தொகை உடையவை. அகமணம் செய்த வேலை இது. வைசிய சமூகத்தார் சிலருக்கு அறுவை சிகிச்சையில் கொடுக்கும் ஒருவகைத் தசை தளர்த்தும் மருந்து விஷம்போல் நெடுநேரம் நிற்பது இந்தக் காரணத்தாலேயே. ஆஸ்துமாவில் இந்தத் தீவுகள் என்ன செய்திருக்கின்றன என்பதை நம்மவரே ஆராயவேண்டும். பத்தாயிரம் இந்தியரின் சுவடிகளைப் படித்துத் தொகுத்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் விவரங்கள் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளருக்குத் திறந்துவிடப்பட்டன. தொடக்கம் நல்லதே. அந்தச் சுவடிகளை வைத்து நாளை யார் எந்தப் பேடண்டு கோருவார்கள், கொடுத்தவனுக்கு மருந்து என்ன விலைக்குத் திரும்பி வரும் என்பதைச் சட்டசபைகளில் இன்றே கேட்கவேண்டும். டிரிஸ்டான் மக்களுக்கு அப்படிக் கேட்க ஒரு சட்டசபைகூட இல்லை.

ஆனால் அதுவரையில் காத்திருக்க வேண்டியதில்லை. 2019ஆம் வருஷத்து உலக நோய்ச்சுமை மதிப்பீட்டின்படி, உலகத்து ஆஸ்துமா நோயாளிகளில் இந்தியர் நூற்றுக்குப் பதின்மூன்று. ஆஸ்துமாவால் சாகிறவர்களிலோ இந்தியர் நூற்றுக்கு நாற்பத்திரண்டு! நோய் வருவதில் ஜீனுக்குப் பங்கு இருக்கலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்கு ஜீன் பொறுப்பன்று. சுவாசக் குழாயின் வீக்கத்தை ஆற்றும் உறிஞ்சு மருந்தாகிய ஸ்டீராய்டு குழல் புதிதன்று. 1970களிலிருந்தே உலகத்தில் இருக்கிறது. அதைத் தினந்தோறும் எடுத்துக்கொண்டால் பெரும்பாலோர் மற்றவர்போல் நடமாடலாம். நம்மவரிற் பெரும்பாலோர் அதைக் கண்டதில்லை. மூச்சு முட்டும்போது மாத்திரை விழுங்குகிறார்கள். அல்லது நீல நிறக் குழலை மட்டும் உறிஞ்சிவிட்டு, அடங்கியதும் மறந்துவிடுகிறார்கள். வீக்கம் உள்ளே வளர்கிறது. குழல் பிடித்தால் விடாது என்ற பொய்யும், பெண்ணுக்குக் குழல் இருக்கிறது என்று தெரிந்தால் சம்பந்தம் கூடிவராது என்ற அச்சமும் சேர்ந்து அதை மூட்டைக்குள் ஒளிக்கச் செய்கின்றன.

ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அந்தக் குழல் வருஷம் பன்னிரண்டு மாதமும் இலவசமாக இருக்கிறதா? ஊதிப் பார்க்கும் கருவி தாலுக்கா ஆஸ்பத்திரியில் இருக்கிறதா, இருந்தால் அதை இயக்கத் தெரிந்தவர் இருக்கிறாரா? அந்தந்த ஊரில் உள்ளவர்கள் நேரிற்போய் விசாரித்து, இல்லையென்றால் இல்லையென்று எழுதி, ஜில்லா சுகாதார அதிகாரிக்கு அனுப்பவேண்டும். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதவேண்டும்.